விலாசம் எப்படிப் புள்ளியாகிறது?

"இல. 35/6, கடற்கரை வீதி, பள்ளிவாசலுக்குப் பின்னால்" என்று எழுதிய கடிதம் நம் ஊர்களில் பெரும்பாலும் உரிய வீட்டைச் சேர்ந்துவிடும். தபாற்காரருக்கு அந்தப் பள்ளிவாசல் எதுவென்று தெரியும். 35ஆம் இலக்க வளவு, பெண்பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கொடுத்தே ஆறு துண்டானதும் தெரியும். ஆறாவது வீடு வீதியோரத்தில் இல்லை, ஒழுங்கைக்குள் கிணற்றைத் தாண்டி இருக்கிறது என்பதும் தெரியும். விலாசத்தில் எழுதப்பட்டது பாதிதான். மீதி அவருடைய தலைக்குள் இருக்கிறது.

இதே விலாசத்தைக் கைத்தொலைபேசியின் வரைபடத்தில் எழுதித் தேடிப் பாருங்கள். ஒரு நொடியில் சிவப்புப் புள்ளி ஒன்று தோன்றும். அது 35/6இன் வாசலில் இருக்கலாம். வீதியின் நடுவில் இருக்கலாம். நகரத்து மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலும் இருக்கலாம். எங்கே விழுந்தாலும் புள்ளியின் நிறமும் அளவும் ஒன்றுதான். விலாசத்தை வரைபடத்தில் ஓர் இடமாக மாற்றும் இந்த வேலையை ஆங்கிலத்தில் ஜியோகோடிங் என்பர். தமிழில் புவிக்குறியாக்கம் எனலாம். அது நடக்கும் விதத்தை அறிந்தவருக்குத்தான் அந்தச் சிவப்புப் புள்ளியை எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல முடியும்.

புவியியற் பாடத்தில் படித்ததை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். மத்திய கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எத்தனை பாகை என்பதை அகலக்கோடு காட்டும். கிறீனிச்சிலிருந்து கிழக்கே அல்லது மேற்கே எத்தனை பாகை என்பதை நெடுங்கோடு காட்டும். இரண்டும் சேர்ந்ததே ஓர் இடத்தின் ஆள்கூறு. கல்முனை நகரை ஏறத்தாழ 7.41, 81.83 என்று எழுதலாம். நமது நாட்டில் இரு திசைகளிலும் ஒரு பாகை என்பது ஏறக்குறைய 111 கிலோமீற்றர். ஆகவே தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு தானங்கள் மட்டும் எழுதினால் ஒரு கிலோமீற்றர் அளவுக்கே இடம் தெரியும். நான்கு தானங்கள் எழுதினால் 11 மீற்றர், ஐந்து தானங்கள் எழுதினால் ஒரு மீற்றர். கணினியோ ஏழு தானங்கள் வரைகூடத் தாராளமாக எழுதித் தருகிறது. ஏழாவது தானம் ஒரு சென்ரிமீற்றரைக் குறிக்கும். தன் வாசல்நிலை எந்தச் சென்ரிமீற்றரில் இருக்கிறது என்று விலாசத்தில் யாரும் எழுதுவதில்லை. எனவே அந்த நீண்ட எண்வரிசையைத் துல்லியம் என்று எண்ணிவிடக் கூடாது.

எண்களின் ஒழுங்கிலும் கவனம் வேண்டும். கல்முனையின் இரண்டு எண்களையும் இடம்மாற்றி எழுதினால், புள்ளி ஆர்ட்டிக் சமுத்திரத்தில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அப்பால் போய் விழும். அகலக்கோடு 90ஐத் தாண்ட முடியாது. கோலாலம்பூரின் நெடுங்கோடு 101ஐத் தாண்டியது என்பதால், அங்குள்ளவர் இடம்மாற்றி எழுதினால் கணினி உடனே மறுத்துவிடும். இலங்கையின் நெடுங்கோடுகளோ 79க்கும் 82க்கும் இடையில் அடங்குகின்றன. அதனால் நமது பிழையைக் கணினி மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும்.

இடப்பெயருக்கு எதிரே எண்களை எழுதிவைக்கும் பழக்கம் கணினியோடு வந்ததன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி, ஏறத்தாழ 8,000 இடங்களுக்கு இவ்வாறு பட்டியல் எழுதினார். அதில் நமது தீவும் 'தப்ரபேன்' என்ற பெயரில் இருக்கிறது, அநுராதபுரமும் இருக்கிறது. ஆனால் கடலோடிகளிடம் கேட்டறிந்த தூரங்களை வைத்துக் கணித்ததால் தீவு உண்மையைவிடப் பல மடங்கு பெருத்து, மத்திய கோட்டையும் தாண்டித் தெற்கே நீண்டுவிட்டது. பக்தாதில் பணியாற்றிய அல்-குவாரிஸ்மி 833ஆம் ஆண்டளவில் 'கிதாப் சூரத் அல்-அர்ழ்' என்னும் நூலை எழுதினார். நகரங்கள், மலைகள், கடல்கள், தீவுகள், ஆறுகள் என 2,402 ஆள்கூறுகளைக் கொண்ட அந்நூல், தொலமியின் பட்டியலைப் பல இடங்களில் திருத்தியது. இன்று கணினி தனக்குள் வைத்திருக்கும் இடப்பெயர் அட்டவணையும் அமைப்பில் இத்தகையதே. கணினிக்குக் கொடுக்கும் செயல்முறையை அல்கோரிதம் என்கிறோமே, அந்தச் சொல்லும் அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்ததுதான்.

அடுத்து வந்த அல்-பீரூனி, கஸ்னா நகரின் கிப்லாத் திசையைச் சரியாக அறிவதற்காக அந்நகரின் ஆள்கூறைக் கணித்தார். அதை விவரிக்கும் நூலை 1025இல் எழுதி முடித்தார். திசையைக் கணிக்க இரு நகரங்களின் ஆள்கூறுகளும் வேண்டும். இன்று கைத்தொலைபேசியில் கிப்லா காட்டும் செயலியும் இதே கணக்கைத்தான் செய்கிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. மக்கா இங்கிருந்து 4,500 கிலோமீற்றருக்கும் அப்பால் இருப்பதால், நமது புள்ளி ஒரு கிலோமீற்றர் தவறினாலும் திசை பாகையின் நூறில் ஒரு பங்களவே மாறும். அதே ஒரு கிலோமீற்றர் தவறு அம்பியூலன்ஸ் வண்டிக்கு நேர்ந்தால் நிலைமை வேறு. எவ்வளவு துல்லியம் போதும் என்பது எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

வீட்டு விலாசங்கள் வரைபடத்தில் ஏறி உயிர்காக்கும் செய்தி சொன்ன கதை 1854இல் இலண்டனில் நடந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் இறுதியில் சோஹோ பகுதியில் கொலரா பரவி, பத்து நாட்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கெட்ட காற்றே காரணம் என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பிய காலம் அது. வைத்தியர் ஜோன் ஸ்னோ தண்ணீரைச் சந்தேகித்தார். பதிவாளர் அலுவலகத்திலிருந்து இறந்தவர்களின் விவரங்களைப் பெற்று வீடு வீடாக நடந்தார். பிற்பாடு அந்த இறப்புகளை வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சிறு கோடுகளாக அடையாளமிட்டார். கோடுகள் புரோட் வீதியிலிருந்த ஒரு நீர்க்குழாயைச் சுற்றி நெருங்கி நின்றன. அவருடைய வேண்டுகோளின் பேரில் செப்டெம்பர் 8ஆம் திகதி அந்தக் குழாயின் கைபிடி கழற்றப்பட்டது.

இக்கதையை எல்லோரும் இவ்வளவோடு நிறுத்திவிடுவர். எனக்குப் பிடித்த பகுதி இதன் பிறகுதான் வருகிறது. சோஹோவிலிருந்து பல கிலோமீற்றர் தூரத்தில் உள்ள ஹம்ப்ஸ்டெட்டில் ஒரு விதவைப் பெண்ணும் அதே நோயால் இறந்தார். வரைபடத்தைப் பார்த்தால் அவருக்கும் அந்தக் குழாய்க்கும் சம்பந்தமே இல்லை. ஸ்னோ குடும்பத்தாரிடம் விசாரித்தார். அப்பெண் முன்பு புரோட் வீதிப் பக்கம் வாழ்ந்தவர். அந்தத் தண்ணீரின் சுவை பிடித்துப்போனதால் ஒவ்வொரு நாளும் வண்டியில் போத்தல் நிறைய வரவழைத்துக் குடித்திருக்கிறார். விலாசம் சரியாகவே இருந்தது. ஆனால் அவர் நோயைப் பெற்ற இடம் அந்த விலாசத்தில் இல்லை. இதை வரைபடம் சொல்லவில்லை; வாசலில் நின்று கேட்ட கேள்விதான் சொன்னது.

இனிக் கணினி செய்யும் வேலைக்கு வருவோம். முதலில் அது விலாசத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கும்: வீட்டிலக்கம், வீதி, ஊர், தபாற் குறியீடு. பிறகு எழுத்துக்கூட்டலைச் சீர்செய்யும். நம்மவர்க்கு இது பெரிய தலையிடி. 'சாய்ந்தமருது' என்பதைத் தமிழில் எழுதினால் ஒரே வடிவம். ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் 'ஏ'யோடு 'ஐ' சேர்ப்பதா, 'த' எழுத்துக்கு 'டீ' மட்டும் போடுவதா, கூடவே 'எச்' போடுவதா என்று ஆளுக்கு ஒரு முறை. 'வீதி' என்ற சொல்லை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதுபவரும் உண்டு, 'ரோட்' என்று மொழிபெயர்ப்பவரும் உண்டு. இவையெல்லாம் ஒன்றுதான் என்று யாராவது சொல்லிவைத்திருந்தால் மட்டுமே கணினிக்குத் தெரியும். மூன்றாவதாக, தன்னிடமுள்ள அட்டவணையோடு அது விலாசத்தை ஒப்பிடும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள்கூறு அளந்து வைக்கப்பட்டிருந்தால் வேலை அத்துடன் முடிந்தது. அப்படி இல்லாதபோது கையாள்வதற்கு ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் குடிசன மதிப்பீட்டுப் பணியகம் 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்காக, 1967இல் நியூ ஹேவன் நகரில் அதைச் செய்து பார்த்தது. வீதியைச் சந்திக்குச் சந்தி துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் எந்த இலக்கத்தில் தொடங்கி எந்த இலக்கத்தில் முடிகின்றன என்று மட்டும் குறித்துக்கொள்வார்கள். மற்றதை விகிதசமக் கணக்குப் பார்த்துக்கொள்ளும்.

ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். தெற்கிலிருந்து வடக்கே நேராக ஓடும் ஒரு கற்பனை வீதி. நீளம் 500 மீற்றர். அகலக்கோடு 7.4000இல் தொடங்கி 7.4045இல் முடிகிறது. ஒரு பக்கத்தில் 1 முதல் 99 வரையுள்ள ஒற்றை இலக்கங்கள். 35ஆம் இலக்கம் எங்கே? 35இலிருந்து 1ஐக் கழித்தால் 34. 99இலிருந்து 1ஐக் கழித்தால் 98. 34ஐ 98ஆல் வகுக்க 0.347. அதாவது வீதியின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய 173 மீற்றர். அகலக்கோடு 7.4000 + 0.347 × 0.0045 = 7.4016. சாதாரண தரக் கணிதத்துக்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

ஆனால் இக்கணக்கு எதை நம்பி நிற்கிறது என்று பாருங்கள். எல்லா வளவுகளும் ஒரே அகலம், இலக்கங்கள் ஒழுங்காக ஏறுகின்றன, எல்லா வீடுகளும் வீதியைப் பார்த்து நிற்கின்றன. நியூ ஹேவனுக்கு இது ஓரளவு பொருந்தலாம். நமது ஊர்களில் ஒரு வளவு ஐந்து பேர்ச், பக்கத்து வளவு ஒரு பாடசாலை மைதானம். மூத்த ராத்தாவுக்கு முன்வீடு, அடுத்தவளுக்குப் பின்வளவு என்று பிரியும்போது 35 என்பது 35/1, 35/2 என்று கிளைவிடும். சரிவுக் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைக் கணினி பெரும்பாலும் விட்டுவிட்டு 35இன் புள்ளியையே கொடுக்கும். ஒழுங்கைக்குள் எண்பது மீற்றர் தள்ளியிருக்கும் 35/6 வீதியோரத்துக்கு வந்துவிடும். "பள்ளிவாசலுக்குப் பின்னால்" என்ற, தபாற்காரருக்கு மிகவும் உதவிய சொற்களைக் கணினி பல வேளைகளில் கணக்கிலேயே எடுப்பதில்லை.

வீதியே அட்டவணையில் இல்லையென்றால், கணினி ஊரின் நடுப்புள்ளியைக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். இவ்வகை வேறுபாடுகளைக் கணினி மறைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூகுளின் புவிக்குறியாக்கச் சேவை ஒவ்வொரு விடையோடும் அது கட்டடத்தையே கண்டுபிடித்ததா, இலக்கங்களுக்கிடையில் கணித்ததா, ஒரு வீதி அல்லது பகுதியின் நடுவா, வெறும் உத்தேசமா என்று நான்கில் ஒன்றைக் குறித்தே அனுப்புகிறது. அந்தக் குறிப்பு செயலியை எழுதுபவரின் கைக்குப் போகிறது. பெரும்பாலும் நம் கண்ணுக்கு வருவதில்லை. சிவப்புப் புள்ளி மட்டும் வருகிறது.

உத்தேசப் புள்ளி ஒன்று என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீடு சாட்சி. கணினிகளின் இணைய முகவரிகளை இடங்களாக மாற்றித் தரும் ஒரு நிறுவனம், "அமெரிக்காவுக்குள் எங்கோ" என்று மட்டும் தெரிந்த முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் முழு எண்களான 38, -97 என்ற ஆள்கூறைக் கொடுத்துவந்தது. அந்தப் புள்ளி தற்செயலாக அப்பண்ணையில் விழுந்தது. கோடிக்கணக்கான முகவரிகள் அங்கே குவிந்தன. இணையத்தில் எவரோ செய்த மோசடிகளுக்கு விடை தேடி, பொலிஸாரும் ஏமாந்தவர்களும் வருடக்கணக்கில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினர். 2016இல் ஒரு பத்திரிகையாளர் காரணத்தைக் கண்டறிந்து எழுதிய பின்னரே, அந்நிறுவனம் தன் புள்ளியை ஒரு நீர்த்தேக்கத்தின் நடுவுக்கு மாற்றியது. "தெரியாது" என்ற விடையைக் கணினி ஒரு வீட்டின் மேல் எழுதிவிட்டது.

இவற்றை மனத்தில் வைத்து நமது அன்றாடத்தைப் பார்ப்போம். இணையத்தில் வாங்கிய சட்டைத்துணி பக்கத்து வீதிக்குப் போனால் ஒரு தொலைபேசி அழைப்போடு தீர்ந்துவிடும். 1990 இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்பியூலன்ஸ் கேட்கும்போது அப்படி இல்லை. விலாசத்தை மட்டும் சொல்லி நிற்காமல், எந்தச் சந்தியால் திரும்புவது, வாகனம் ஒழுங்கைக்குள் வருமா, எந்த முகப்பில் ஆள் நிற்பார் என்பதையும் சொல்ல வேண்டும். இருக்கும் இடத்தைத் தொலைபேசியே செய்மதிகளின் உதவியால் கண்டு காட்டும் நீலப் புள்ளி, விலாசத்திலிருந்து பிறக்கும் சிவப்புப் புள்ளியைவிட இவ்வேளையில் நம்பத்தக்கது. அதைச் சுற்றி மெல்லிய நீல வட்டம் ஒன்று தெரியும். வட்டம் பெரிதானால் தொலைபேசிக்கே நிச்சயமில்லை என்று பொருள். முற்றத்துக்கு இறங்கி நின்றால் பெரும்பாலும் வட்டம் சுருங்கும். வரைபடத்தில் வீட்டுக் கூரைமேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஆள்கூறு எண்களாகத் தெரியும். அதை ஒரு தாளில் எழுதி, வாசிக்கத் தெரிந்த எவரும் தொலைபேசியில் சொல்லக்கூடிய விதமாகக் குசினிச் சுவரில் ஒட்டிவைக்கலாம். மூத்தம்மா தனியாக இருக்கும் வீட்டில் இது கட்டாயம்.

டெங்கு இன்னோர் உதாரணம். 2017இல் நாட்டில் ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குவுக்கு ஆளானதாகப் பதிவாகியது. ஆஸ்பத்திரியில் எழுதிக்கொள்ளும் விலாசத்தை வைத்துத்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வருகிறார். டெங்கு நுளம்பு பொதுவாகத் தான் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீற்றருக்கு மேல் பறப்பதில்லை. ஆகவே புள்ளி ஒரு கிலோமீற்றர் தவறினால் தேடல் நடப்பது வேறொரு நுளம்புக் கூட்டத்தில். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி காய்ச்சலில் விழுந்தால், அடையாள அட்டையில் உள்ள ஊர் விலாசத்தைச் சொல்வதே வழக்கம். பரிசோதகர் ஐம்பது மைல் அப்பால் உம்மாவின் பூச்சாடிகளைக் கவிழ்த்துப் பார்ப்பார். நுளம்பு விடுதிப் பீலியில் இருக்கும். ஹம்ப்ஸ்டெட் விதவையின் கதைதான் இதுவும். இரண்டு வாரங்களாக எங்கே உறங்கினேன், பகலில் எங்கே இருந்தேன் என்று கேட்காமலே சொல்லிவிடுவது நல்லது.

முதலாம் தர அனுமதியிலும் வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரம் புள்ளிகளைத் தீர்மானிக்கிறது. இடையில் கிட்டிய பாடசாலைகள் இருந்தால் புள்ளி குறையும். ஆள்கூறு தெரிந்தால் நேர்த்தூரத்தை வீட்டிலேயே கணிக்கலாம். வடக்குத் தெற்காக 0.003 பாகையும் கிழக்கு மேற்காக 0.004 பாகையும் வித்தியாசமென்றால், பைதகரசின் தேற்றப்படி 0.005 பாகை, அதை 111ஆல் பெருக்க ஏறக்குறைய 555 மீற்றர். வீட்டின் புள்ளி வீதியோரத்தில் விழுந்ததா, ஒழுங்கைக்குள் விழுந்ததா என்ற எண்பது மீற்றர் கேள்வி, எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரு பிள்ளைக்குச் சின்னக் கேள்வியன்று.

அட்டவணையில் இல்லாததை யார் சேர்ப்பது? 2010 ஜனவரி 12இல் ஹெயிட்டி நாட்டின் தலைநகரை நிலநடுக்கம் சிதைத்தபோது, உதவி கேட்டு மக்கள் 4636 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்திகள் அனுப்பினர். அவை ஹெயிட்டிக் கிரியோல் மொழியில் இருந்தன. வெளிநாட்டு மீட்புக்குழுவினருக்கு மொழியும் தெரியாது, இடமும் தெரியாது. உலகின் பல பாகங்களில் வாழ்ந்த ஹெயிட்டி மக்கள் அச்செய்திகளை வாசித்து மொழிபெயர்த்து, சொல்லப்பட்ட இடங்களை வரைபடத்தில் அடையாளமிட்டனர். அதேவேளை ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் என்னும் திறந்த வரைபடத்தில் தொண்டர்கள் செய்மதிப் படங்களைப் பார்த்து அந்நகரின் வீதிகளை வரைந்துகொடுத்தனர்.

அந்த வரைபடம் நமக்கும் திறந்தே இருக்கிறது. ஒழுங்கை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதில் கார் நுழையுமா, குறுக்குத் தெருவின் பெயர் தமிழில் என்ன, சிங்களத்தில் என்ன, ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பவற்றை எவரும் சேர்க்கலாம். நமது கரையோரத்துக்கு இது இன்னும் வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து திரும்பியபோது வீடுகளோடு மதில்களும் இலக்கத் தகடுகளும் அடையாளம் சொல்லும் மரங்களும் போயின. "அந்த வாகை மரத்துக்குப் பக்கத்து வீடு" என்ற விலாசத்துக்கு, மரம் இல்லாத மறுநாள் பொருளே இல்லை.

சேர்க்கக் கூடாதவையும் உண்டு. ஒழுங்கையின் பெயர் ஊருக்குச் சொந்தம்; எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பது அந்த வீட்டாருக்குச் சொந்தம். புவிக்குறியாக்கத்தைத் திருப்பியும் செய்யலாம்: ஆள்கூறைக் கொடுத்தால் விலாசம் வரும். நோயாளிகளின் வீடுகளைப் பெயரில்லாத புள்ளிகளாகக் காட்டும் வரைபடத்திலிருந்துகூட, எந்தெந்த வீடுகள் என்று திரும்பக் கண்டுபிடிக்க முடியுமென ஆய்வாளர்கள் செய்து காட்டியிருக்கின்றனர். அதனால் இன்று அத்தகைய வரைபடங்களை வெளியிடுபவர்கள் புள்ளிகளை வேண்டுமென்றே சற்று நகர்த்தி, அல்லது பிரிவு பிரிவாகக் கூட்டித்தான் காட்டுகின்றனர்.

இதற்கு நோயாளியாக இருக்க வேண்டியதில்லை. கைத்தொலைபேசியால் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆள்கூறு எழுதப்பட்டிருக்கலாம். வீட்டு முற்றத்தில் எடுத்த பூனைக்குட்டியின் படத்தை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பினால், வீட்டு வாசல் சில மீற்றர் வித்தியாசத்தில் கூடவே போகும். சில செயலிகள் அனுப்பும்போது அதை நீக்கிவிடும், சில நீக்குவதில்லை. கமராவின் அமைப்புகளுக்குள் சென்று இடக்குறிப்பை நிறுத்திவைக்கலாம். அது இனிமேல் எடுக்கும் படங்களுக்குத்தான். ஏற்கெனவே எடுத்தவற்றில் நாமாக நீக்கும்வரை ஆள்கூறு அப்படியே இருக்கும்.